ஐந்தாம் பக்கத்துச் சொல்

தம்புச் செட்டித் தெருவில் மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. கீழ் நீதிமன்றத்துக் காகிதங்கள் பெரும்பாலும் தமிழில் வரும். உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கிலத்தில் போக வேண்டும். நடுவில் என்னைப் போன்ற சிலர் உட்கார்ந்திருக்கிறோம். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு. பாகப்பிரிவினை, செக் மோசடி, விவாகரத்து, கொலை என்று எத்தனையோ கேஸ் கட்டுகள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. ராயபுரத்துக்குப் பஸ் ஏறும்போதே அவற்றை மறந்துவிடுவேன்; மறக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஒரு கட்டை மட்டும் இன்றுவரை மறக்க முடியவில்லை. போதைப் பொருளோடு கடலில் பிடிபட்ட ஒரு படகின் வழக்கு அது. படகின் பெயர், எத்தனை கிலோ, எந்த நீதிமன்றம் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அந்தப் படகில் சமையல் வேலை பார்த்தவரைப் பற்றியும், நீதிபதி தன்னை நியாயமாக நடத்தவில்லை என்று அவர் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தைப் பற்றியும், அந்த வழக்கில் என் கை பட்ட ஓர் இடத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

அதற்கு முன் 2014-ஐ நினைவுபடுத்த வேண்டும். தங்கச்சிமடத்து மீனவர்கள் ஐந்து பேருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் அக்டோபர் 30-ஆம் தேதி மரண தண்டனை விதித்தது. 2011 நவம்பரில் நடுக்கடலில் பிடித்து, ஹெராயின் கடத்தினார்கள் என்று போட்ட வழக்கு. ராமேஸ்வரம் தீவே கொந்தளித்தது; தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். நான் என் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் நின்றுகொண்டு, நம் ஆட்களின் முகத்தைப் பார்த்ததுமே அந்த நீதிபதி தீர்ப்பை எழுதிவிட்டார் என்று கத்தினேன். அடுத்த மாதமே அப்போதைய இலங்கை அதிபர் ராஜபக்சே அவர்களுக்கு மன்னிப்பு அளித்து ஊருக்கு அனுப்பிவைத்தார். எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தோம். அந்தத் தீர்ப்பின் ஒரு பக்கத்தைக்கூட நான் வாசித்ததில்லை. அதே தீர்ப்பில் அவர்களோடு சேர்த்துத் தூக்குத் தண்டனை பெற்ற இலங்கைக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் குற்றம் செய்தார்களா, செய்யவில்லையா, அவர்களுக்கு நியாயமான விசாரணை கிடைத்ததா என்று ஒரு நொடியும் நான் யோசித்ததில்லை. நீதிபதியின் பாரபட்சம் என்ற பேச்சை நான் முதன்முதலில் மனதாரப் பேசியது அப்போதுதான். எதிர்க்கரையிலிருந்து ஒருவர் நம் நீதிமன்றத்தைப் பார்த்து அதையே சொல்லக்கூடும் என்பது அன்று என் புத்திக்கு எட்டவில்லை.

ஐந்தாம் பக்கம்

2019-இல் ஒரு நாள் மாலை, எனக்கு வழக்கமாக வேலை தரும் ஒரு வழக்கறிஞரின் ஜூனியர் கட்டைக் கொண்டுவந்து வைத்தார். "அக்கா, உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு. மனுவோடு சேர்க்கும் டைப் செட்டுக்கு வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குள் கொடுத்துவிடுங்கள்" என்றார். மகஜர் என்னும் பறிமுதல் பதிவு, ரிமாண்ட் அறிக்கை, பிறகு கையால் எழுதிய வாக்குமூலம் ஒன்று. இலங்கைப் படகு. அதில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் சிங்களவர்கள். அந்த ஒருவர் மன்னார்ப் பக்கத்துத் தமிழர், படகின் சமையல்காரர். விசாரணை அதிகாரி முன்னால் அவர் சொல்லச் சொல்ல எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அந்த வாக்குமூலத்தின் நான்காம் பக்கம் முழுவதும் பொதிகளைப் பற்றி. நடுக்கடலில் வேறொரு படகு பக்கத்தில் வந்து அணைந்தது, பொதிகள் கைமாறின, என்ஜின் அறைப் பக்கம் கொண்டுபோனார்கள் என்று போகிறது. ஐந்தாம் பக்கத்தின் தொடக்கத்தில் இந்த இரண்டு வாக்கியங்கள்: "சாமான்களை நான்தான் ஏற்றினேன். எது எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்." இரவு பதினொன்றரை மணி இருக்கும். நான் தயங்கவே இல்லை. சாமான் என்ற இடத்தில் கடத்தல் சரக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சட்டச் சொல்லைத் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

ஜாமீன் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த ஜூனியர் வந்தபோது சொன்னார்: "அக்கா, நீங்கள் மொழிபெயர்த்ததில் ஐந்தாம் பக்கத்தைத்தான் அரசுத் தரப்பு எடுத்து வாசித்தது. அதற்கு மேல் எங்களால் பேச முடியவில்லை." நம் தரப்பு தாக்கல் செய்த காகிதத்தையே நம் மேல் திருப்பிவிட்டார்கள் என்ற வருத்தம் அவருக்கு. நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். குற்றவாளியே ஒப்புக்கொண்டிருக்கிறான், இதில் ஜாமீன் எப்படிக் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். என் மொழிபெயர்ப்பு நீதிமன்றத்தில் தடங்கலில்லாமல் வாசிக்கும்படி இருந்ததே என்று உள்ளூர ஒரு நிறைவும் இருந்தது.

கிலோ கணக்கு

1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தை அறிந்தவர்களுக்கு அந்த ஐந்தாம் பக்கம் என்ன செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மற்ற வழக்குகளில் ஜாமீன் என்பது ஓடிப்போவாரா, சாட்சியைக் கலைப்பாரா என்ற கேள்வி. இந்தச் சட்டத்தில் அளவு வணிக அளவைத் தாண்டிவிட்டால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. அரசுத் தரப்பு எதிர்க்கும்போது, இவர் குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால் ஒழிய வெளியே விட முடியாது. விசாரணை தொடங்குவதற்கு முன்பே, வெறும் காகிதத்தை வைத்து, குற்றமின்மையை நம்பவைக்க வேண்டும். ஹெராயின் என்றால் 250 கிராம் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, கூடினால் 20 ஆண்டு. படகுகளில் பிடிபடுவதோ கிலோ கணக்கில், சில நேரம் நூற்றுக்கணக்கான கிலோ கணக்கில். 35-ஆம் பிரிவு குற்ற எண்ணம் இருந்ததாகவே கொள்கிறது. 54-ஆம் பிரிவு கையில் இருந்ததற்குக் கணக்குச் சொல்லவேண்டிய பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் மேல் வைக்கிறது. வாசிக்கும்போது இது தேவையான கண்டிப்பு என்றே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் தெருவில் மாத்திரைக்கு அடிமையாகி, பெற்ற தாயின் தாலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பையனை அவன் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். இதைக் கப்பலில் ஏற்றுகிறவர்கள் மேல் எனக்கு இரக்கம் கிடையாது.

ஆனால் படகு என்பது ஒரு வீடு போல. ஒரு பையில் போதைப் பொருள் இருந்தால் பை யாருடையது என்று கேட்கலாம். வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் ஒரு பலநாள் படகில், ஐந்தாறு பேர் உண்டு உறங்கும் இடத்தில், என்ஜின் அறையில் இருக்கும் பொதி யாருடையது? அறிந்தே வைத்திருந்தார் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். படகின் சொந்தக்காரருக்கும், ஓட்டிக்கும், குசினியில் சோறு பொங்கியவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. அந்தச் சமையல்காரரின் வழக்கு முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்கு அவர் வாயால் சொன்ன பதில் என்று ஐந்தாம் பக்கத்தை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

2020 அக்டோபர் 29-ஆம் தேதி தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. போதைப் பொருள் தடுப்பு அதிகாரிகளும் காவல் அதிகாரிகளே, 67-ஆம் பிரிவின் கீழ் அவர்கள் வாங்கும் வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொண்டு தண்டிக்கக் கூடாது என்று மூன்று நீதிபதிகளில் இருவர் சொன்னார்கள். தெருவில் இருந்த வழக்கறிஞர்கள் அன்று முழுவதும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். சமையல்காரரின் வாக்குமூலமும் இனி செல்லாது என்று எனக்கும் புரிந்தது. ஆனால் அவர் புழல் சிறையில்தான் இருந்தார். அடுத்த மாதமே தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் இலங்கைப் படகில் சுமார் 100 கிலோ ஹெராயினைக் கடலோரக் காவல் படை பிடித்தது. 2021 மார்ச்சில் விழிஞ்ஞம் அருகே இன்னொரு படகு. 300 கிலோ ஹெராயின், ஐந்து ஏ.கே.47 துப்பாக்கிகள், ஆயிரம் தோட்டாக்கள். இந்தச் செய்திகள் எதுவும் பொய்யில்லை. அவற்றைக் காலையில் காபியோடு வாசித்துவிட்டுப் பத்தரை மணிக்கு நீதிமன்றத்தில் அமர்பவரும் நம்மைப் போல ஒரு மனிதர்தான். கூண்டில் இன்னொரு இலங்கைப் படகுக்காரர் வந்து நின்று, நான் சமையல்காரன் ஐயா என்கிறார்.

கடிதம்

2021 கடைசியில் அந்தக் கடிதம் என்னிடம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள் மூன்று, இரண்டு பக்கமும் எழுதியது. மேல் மூலையில் சிறை முத்திரை. வேறு நீதிமன்றத்துக்கு வழக்கை மாற்றக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், அதற்கு இணைப்பாக இதை மொழிபெயர்க்க வேண்டும் என்றார் ஜூனியர். "கனம் நீதிபதி ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கியிருந்தார். எழுத்து குண்டுகுண்டாக, பள்ளிப் பிள்ளை எழுத்துப் போல இருந்தது.

மூன்று குறைகளைச் சொல்லியிருந்தார். குற்றச்சாட்டை வாசித்தபோது அவர் மறுத்திருக்கிறார். அப்படியானால் இவ்வளவையும் மீனா கொண்டுவந்து உங்கள் படகில் போட்டது என்று நீதிபதி கேட்டிருக்கிறார், நீதிமன்றமே சிரித்திருக்கிறது. அடுத்து, பொதிகளை எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்று சொல்ல முடியாமல் ஒரு சாட்சி தடுமாறியபோது, என்ஜின் அறையிலிருந்துதானே என்று நீதிபதியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். சாட்சி ஆமாம் என்றிருக்கிறார். மூன்றாவதை வாசித்தபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதிகாரிகள் ஆங்கிலத்தில் சாட்சி சொன்னார்கள். மற்ற எல்லோருக்கும் சிங்கள மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர் கேட்டதற்கு, உனக்குத்தான் தமிழ் தெரியுமே, உனக்கு எதற்கு என்று பதில் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் சொல்ல யாரும் இல்லை. சகாக்களுக்குச் சொன்ன சிங்களத்தை ஒட்டுக்கேட்டுத் தன் வழக்கில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டிருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் பதிவானால், அதை அவருக்குப் புரியும் மொழியில் நீதிமன்றத்திலேயே சொல்ல வேண்டும் என்பது அப்போது நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு. தமிழர் ஒருவருக்குச் சென்னை நீதிமன்றத்தில் அது தேவைப்படும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசித் தாளில் இப்படி இருந்தது: "நான் சாமான் ஏற்றினதை ஒத்துக்கொண்டேன் என்று எனக்கு ஜாமீன் இல்லை என்றார்கள். சாமான் என்றால் அரிசி, பருப்பு, தேங்காய். குசினிக்காரன் வேறு எந்தச் சாமானை ஏற்றுவான்?"

அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மேசையில் மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்துக்கொண்டிருந்தது, அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று நினைவில்லை. பீரோவிலிருந்து பழைய நகலை எடுத்தேன். ஐந்தாம் பக்கம். சாமான்களை நான்தான் ஏற்றினேன், எது எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். நான்காம் பக்கத்தில் கடத்தல் பொருளைச் சொல்லும் இடத்தில் எல்லாம் அவர் பொதி என்றுதான் சொல்லியிருக்கிறார். ஓர் இடத்தில்கூட அதைச் சாமான் என்று சொல்லவில்லை. இதைக் கண்டுபிடிக்க இலங்கைத் தமிழ் அகராதி எதுவும் வேண்டாம். மாதம் பிறந்தால் நானும் மளிகைச் சாமான் பட்டியல்தான் எழுதுகிறேன். அந்தச் சொல்லை என் அம்மா ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வாள். அது எனக்குத் தெரியாத சொல் என்று சொல்லி என்னால் தப்பிக்க முடியாது. ரிமாண்ட் அறிக்கையில் கிலோ கணக்கை முதலில் வாசித்தேன்; அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சொல்லையும் அந்தக் கிலோ கணக்குக்குள் போட்டுத்தான் வாசித்திருக்கிறேன். நீதிபதி மேல் அந்த மனிதர் சொன்ன குறை அப்படியே எனக்கும் பொருந்தியது. இத்தனைக்கும் நான் அவர் தரப்பில் கூலி வாங்கியவள்.

மறுநாள் காலை சீனியர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் இரண்டு நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். "இதை இப்போது சொன்னால் நாமே தவறான ஆவணம் தாக்கல் செய்தோம் என்று ஆகும் அம்மா. வாக்குமூலமே இனி செல்லாது. விட்டுவிடலாமே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நாளைக்கும் அதே நீதிமன்றங்களில் நின்று பிழைக்க வேண்டியவர். மாற்றல் மனுப் போடுவதற்கே அவர் ஒரு மாதம் தயங்கியிருந்தார். செல்லாது என்று சட்டம் சொல்லலாம் சார், வாசித்தவர்கள் மனதிலிருந்து யார் எடுப்பது என்று கேட்டேன். அவ்வளவு உரத்து நான் அந்த அறையில் பேசியதில்லை. என் பெயரிலேயே ஒரு பிரமாணப் பத்திரம் தருகிறேன், பிழை என்னுடையது என்று எழுதுகிறேன் என்றேன். சிறிது நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி எழுதிக் கொண்டு வாருங்கள் என்றார்.

அந்த நாட்களில்தான் இந்தப் பாரபட்சம் குறித்த தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன். ரஞ்சித் தாகூர் என்ற ராணுவ வீரரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987-இல் சொன்னது எனக்குப் பெரிய பிடிமானமாக இருந்தது. நான் பாரபட்சமாக இருக்கிறேனா என்று நீதிபதி தன் மனதைக் கேட்டுக்கொண்டு பயனில்லை, எதிரே நிற்பவரின் மனதில் என்ன தோன்றும் என்று பார்க்க வேண்டும் என்கிறது அந்தத் தீர்ப்பு. என்னைக் கேட்டிருந்தால் 2019-லும் நான் நடுநிலையாளர் என்றுதான் சொல்லியிருப்பேன். விசாரிக்கும் நீதிபதி உண்மையைத் தேடிக் கேள்வி கேட்கலாம், ஆனால் அரசு வழக்கறிஞரின் வேலையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 1981-இல் ராம் சந்தர் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதியிருக்கிறார். புகார் கொடுத்த அதிகாரியே புலனாய்வும் செய்யலாமா என்ற கேள்வியில் உச்ச நீதிமன்றமே சுமார் இரண்டு ஆண்டில் நிலை மாறியது: 2018-இல் மோகன் லால் வழக்கில் கூடாது என்றது, 2020 ஆகஸ்டில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அதனாலேயே வழக்கு கெட்டுவிடாது, வழக்குக்கு வழக்கு பாரபட்சத்தைக் காட்ட வேண்டும் என்றது. காட்ட வேண்டியது யார்? சிறையில் இருப்பவர். எதைக் கொண்டு காட்டுவார்? நீதிமன்றத்தில் எழுந்த சிரிப்பு எந்தப் பதிவிலும் இருக்காது. சாட்சியின் ஆமாம் மட்டும் பதிவாகியிருக்கும்.

ஒரு வாய்தா நாளில் அந்த நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தச் சமையல்காரரை நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். நீதிபதி கொடூரமானவராகத் தெரியவில்லை. வழிக்காவலோடு வந்தவர்களில் வயதானவர் ஒருவர் தள்ளாடியபோது, அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது. அன்று வந்த வேறொரு புதிய கட்டைப் பென்ச் கிளார்க் நீட்டியபோது, பிரிப்பதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை கிலோ என்பது. நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அந்த நீதிபதி பாரபட்சமானவர் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்தச் சமையல்காரர் பயந்தது நியாயம் என்று செய்ய முடியும். சட்டம் கேட்பதும் அதைத்தான் என்பது என் வாதம். ஆனால் மாற்றல் மனுவை நம் நீதிமன்றங்கள் நீதிபதியின் மேல் வீசப்பட்ட அவதூறாகப் பார்க்கின்றன. அவரிடம் அறிக்கை கேட்கிறார்கள், அவர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்கிறார், மனு முடிந்துவிடுகிறது. தூத்துக்குடியில் 2013-இல் ஆயுதங்களோடு பிடிபட்ட சீமேன் கார்டு ஓகையோ என்ற தனியார் காவல் கப்பலின் 35 பேரும் விடுதலையாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அவர்களுக்கு மூன்று நாட்டுத் தூதரகங்களும் உலகப் பத்திரிகைகளும் இருந்தன. மன்னார்ச் சமையல்காரருக்கு மூன்று நோட்டுத் தாள்கள் இருந்தன.

அந்த மனுவும் தள்ளுபடியானது. என் பிரமாணப் பத்திரத்தையும் திருத்திய மொழிபெயர்ப்பையும் பதிவில் சேர்த்துக்கொண்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அவருக்கு அமர்த்தச் சொன்னார்கள். அன்று மாலை உயர் நீதிமன்ற வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது சிவப்புக் கட்டடத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தேன். 1894 முதல் 1977 வரை அங்கேதான் சென்னையின் கலங்கரை விளக்கம் எரிந்தது. என் அப்பா அதைப் பார்த்துத் திசை பிடித்து வீடு வந்த கதைகளைச் சொல்லியிருக்கிறார். கட்டுமரத்தில் போகிறவர்களுக்கு நீதிமன்றம் என்பது அவர் காலத்தில் தொலைவில் தெரிந்த ஒரு வெளிச்சம்.

கடிதத்தின் கடைசித் தாளின் பின்பக்கத்தை மொழிபெயர்க்க வேண்டாம் என்று ஜூனியர் சொன்னார். "வெறும் பட்டியல்தான் அக்கா, நீதிமன்றத்துக்கு எதற்கு?" நான் விடவில்லை. கூலி வேண்டாம், அந்தப் பக்கமும் போக வேண்டும் என்றேன். புறப்பட்ட அன்று ஏற்றிய சாமான்களை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, நினைவிலிருந்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். அரிசி இரண்டு மூட்டை. பருப்பு பத்துக் கிலோ. கோதுமை மா. சீனி. தேயிலை. செத்தல் மிளகாய். மாசி. இந்த மாசிக்கு மட்டும் ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று அரை மணி நேரம் தேடினேன். மாலத்தீவு வழக்கப்படி உலர்த்திய சூரை மீன் என்று விளக்கி எழுதினேன். நெருப்புப் பெட்டி ஒரு கட்டு. உப்பு. கடைசியில், தேங்காய் நாற்பது. அதற்குப் பக்கத்தில் சின்னதாக, பாதி அழுகிப்போனது என்று எழுதியிருந்தார். அதையும் சேர்த்தே தட்டினேன்.